மூன்று வருஷம் வறட்சி, அப்புறம் மூன்று வாரம் விடாத மழை: கலிஃபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிட்டதா?

கயோட்டி ஓடைக்காரன் (5 ஏப்ரல் 2023)

வணக்கம் நண்பர்களே. சான் ஓசேயில் கயோட்டி ஓடையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறோம். 2021-ல்தான் வீடு வாங்கினோம். வாங்கிய அந்தக் கோடையிலேயே, 2019-ல் செலவழித்ததைவிட 15 சதவீதம் குறைவாகத்தான் தண்ணீர் செலவழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முன்பக்கப் புல்லைப் பிடுங்கினோம். குளிக்கும்போது வெந்நீர் வரும்வரை ஓடுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் ஊற்றினோம். அந்த வாளி இன்னும் குளியலறையில்தான் இருக்கிறது.

அப்புறம் டிசம்பர் 31. காலையிலிருந்து நிற்காமல் கொட்டியது. ஓடை எங்களிடம் வரவில்லை, தெருவோர வடிகால் வாயில் இலைதழை அடைத்து, தெருத் தண்ணீர் கராஜுக்குள் நுழைந்துவிட்டது. கணுக்கால் அளவுதான். ஆனால் கொலு பொம்மைப் பெட்டிகள் தரையில்தான் இருந்தன. அட்டை ஊறிப்போய், தூக்கியதும் அடி பிய்ந்து விழுந்தது. காகிதக்கூழ் பொம்மைகள் கையில் பிடித்த இடத்தில் அமுங்கின. தசாவதார செட்டில் நாலு போய்விட்டது. அதெல்லாம் அம்மா ஊரிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தவை.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டால், வெளியிலிருந்து வந்த தண்ணீருக்குப் பணம் கிடையாது என்றார்கள்.

இப்போது எனக்கு விளங்காதது இதுதான். மூன்று வருஷம் சொட்டுச் சொட்டாகச் சேமித்தோமே, அவ்வளவு காய்ந்த மண் இந்த மழையை ஏன் குடிக்கவில்லை? மழை எல்லாம் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போய்விட்டதா? கவர்னர் போன மாதம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார், அப்படியென்றால் வறட்சி முடிந்ததா? அப்புறம் வெள்ளக் காப்பீடு எங்களைப் போன்றவர்கள் எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்ரமெண்டோ சிவில்

பொம்மைகள் போனதைப் படித்து மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. நான் இருபது வருஷமாக ஆற்றுக்கரை வேலைகளில் இருக்கிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மழை. இந்த மாநிலத்துக்கு ஒரு வருஷம் கிடைக்கிற மழையிலும் பனியிலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வளிமண்டல ஆறுகள் என்று சொல்கிற சில புயல்களில்தான் வருகிறது. வெப்பக் கடல் பக்கமிருந்து நீராவி ஒரு நீளப் பட்டையாகக் கிளம்பி வந்து சியெரா மலையில் முட்டி மழையாகவும் பனியாகவும் இறங்கும். ஹவாய் பக்கத்திலிருந்து வந்தால் இங்கே பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்பார்கள். பலமான ஒன்றில் மிசிசிப்பி முகத்துவாரத்தில் ஓடுகிற தண்ணீரைப் போல ஏழெட்டு மடங்கிலிருந்து பதினைந்து மடங்குவரை நீராவி போகும். ஒரு குளிர்காலத்தில் இவற்றில் நாலைந்து வராமல் போனால் வறட்சி, நாலைந்து கூடுதலாக வந்தால் வெள்ளம். நடுவில் பெரிதாக எதுவும் இல்லை. 2020 முதல் 2022 வரையிலான மூன்று வருஷம்தான், பதிவில் உள்ள தொடர்ச்சியான மூன்று வருஷங்களிலேயே மிக வறண்டது. அதற்குப் பிறகு டிசம்பர் 26-லிருந்து ஜனவரி 17-க்குள் ஒன்பது வந்துவிட்டன. நீங்கள் சொல்கிற அந்த டிசம்பர் 31-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் 5.46 அங்குலம். 1849-லிருந்து எழுதி வைத்திருக்கும் கணக்கில் அதற்கு மேலே ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, 1994-ல்.

காய்ந்த மண் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டீர்கள். குடித்தது. முதல் இரண்டு மூன்று புயல்களை நன்றாகவே குடித்தது, ஜனவரி முதல் வாரத்தில் வயிறு நிறைந்துவிட்டது. அதன்பிறகு வந்தது எல்லாம் அப்படியே மேலாக ஓடியது. வறட்சி வேறு வழியில்தான் கெடுத்தது. காட்டுத்தீயில் எரிந்த சரிவுகளில் மண்ணின் மேல்தோல் மெழுகு பூசினமாதிரி ஆகிவிடும், அங்கே மட்டும் தண்ணீர் உள்ளே இறங்காது. மான்டிசீட்டோவில் 2018 ஜனவரி 9-ல் சேறும் பாறையும் வந்து 23 பேர் இறந்தது அப்படி எரிந்த மலைக்குக் கீழேதான். சரியாக ஐந்து வருஷம் கழித்து, இந்த ஜனவரி 9-ல், அதே ஊரை மறுபடி காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் சாக்ரமெண்டோவில் மூன்று வருஷம் தாகத்தில் இருந்த பெரிய மரங்கள் ஈரமண்ணில் பிடிப்பு விட்டு, காற்றடித்ததும் வேரோடு சாய்ந்தன. என் தெருவில் ஒரு மரம் நடைபாதைக் கான்கிரீட்டைத் தட்டுமாதிரி தூக்கிக்கொண்டு விழுந்து கிடந்தது. மின்சாரம் மூன்று நாள் இல்லை.

அதே டிசம்பர் 31 இரவு எங்களுக்குத் தெற்கே கொசும்னஸ் ஆறு கரையை உடைத்துக்கொண்டு 99-ஆம் நெடுஞ்சாலையில் ஏறியது. பெரிய அணை இல்லாத ஆறு அது, மலையில் பெய்தது சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். இருட்டில் சாலை எது தண்ணீர் எது என்று தெரியாமல் காரை விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள், சிலர் காருக்குள்ளேயே இறந்துபோனார்கள். ஓரடி ஓடுகிற தண்ணீர் சின்ன காரைத் தூக்கிவிடும். தயவுசெய்து யாரும் தண்ணீருக்குள் காரை இறக்காதீர்கள்.

இர்வைன் பாலா

சிவில் அண்ணா, நல்ல விளக்கம். ஆனால் ஒரு கேள்வி. நம் ஊரில் மேட்டூர் நிரம்பினால் கொண்டாடுவோம். இங்கே வறட்சி வறட்சி என்று சொல்லிவிட்டு ஜனவரியில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே சில அணைகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்களே. பார்க்கவே வயிறு எரிந்தது. எங்கள் தெற்குப் பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் ஆறு கான்கிரீட் வாய்க்காலில் சீறிக்கொண்டு நேராகக் கடலுக்குப் போகிறது. இன்னும் நாலு அணை கட்டினால் என்ன?

சாக்ரமெண்டோ சிவில்

நியாயமான கோபம் பாலா. அணையை நம் ஊர் ஏரிமாதிரி நினைக்க வேண்டாம். இங்கே பெரும்பாலான பெரிய அணைகளுக்கு இரண்டு வேலை. கோடைக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும், குளிர்காலத்தில் வெள்ளத்தைப் பிடிக்க மேல்பகுதியைக் காலியாக வைத்திருக்க வேண்டும். ஆரவில் அணையை எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 150 டிஎம்சி கொள்ளளவு, மேட்டூர் 93.47. 2021 ஆகஸ்டில் அதில் தண்ணீர் அவ்வளவு கீழே போய், 1967-ல் திறந்த மின்நிலையத்தை முதல்முறையாக நிறுத்தினார்கள். படகு வீடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு நாலரை வருஷம் முன்னால், 2017 பிப்ரவரியில், அதே அணையில் உபரிநீர் போகிற கான்கிரீட் சரிவு பிய்ந்துபோனது. பக்கத்தில் இருந்த அவசரக் கலிங்கு முதல்முறையாக வழிந்தது, கீழே மண் அரிக்க ஆரம்பித்தது, 1,88,000 பேரை ஒரே மாலையில் கிளம்பச் சொன்னார்கள். அதுவும் ஐந்து வருஷ வறட்சி முடிந்த கையோடு வந்த குளிர்காலம். நிரம்பின அணையின் கீழே குடியிருப்பது என்ன என்று அன்றைக்கு ஊரைக் காலி செய்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. எவ்வளவு காலியாக வைப்பது என்ற விதிப்புத்தகம் பல அணைகளில் மிகப் பழையது, வானிலை முன்னறிவிப்பு இல்லாத காலத்தில் தேதியை மட்டும் பார்த்து எழுதியது. மெண்டசீனோ ஏரியில் 2012 டிசம்பரில் நல்ல மழை, ஏரி ஏறியது, விதிப்படி திறந்துவிட்டார்கள். அடுத்து வந்தது 2013, மழையே இல்லை, ஏரி அடிமண் தெரிய வற்றியது. அதிலிருந்து பாடம் கற்று, அடுத்த சில நாளில் புயல் வருகிறதா என்று பார்த்துத் திறக்கலாமா வேண்டாமா என முடிவு செய்கிற முறையை அங்கே சோதித்தார்கள். 2020-ல் அதனால் மட்டும் 11,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி) கூடுதலாக நின்றது. புது அணைக்குச் செலவழிக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லாத செலவு. என் அபிப்பிராயத்தில் இதைத்தான் எல்லா அணைக்கும் வேகமாகக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று. சாக்ரமெண்டோவிலிருந்து டேவிஸ் போகும்போது 80-ஆம் சாலையில் ஒரு நீளப் பாலம் வரும், கோடையில் கீழே நெல்வயல், குளிர்காலத்தில் கடல்மாதிரி தண்ணீர். அதுதான் யோலோ பைபாஸ். ஆறு ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் கலிங்கு வழியாகத் தானாகவே அந்த வயல்களில் பரவும், நகரம் தப்பிக்கும். சால்மன் குஞ்சுகள் ஆற்றில் வளர்வதைவிட இந்தத் தேங்கின தண்ணீரில் நன்றாகக் கொழுக்கும். 1862-ல் இந்த ஏற்பாடெல்லாம் இல்லை, கவர்னர் ஸ்டான்ஃபோர்டு பதவியேற்கப் படகில் போனார். அதற்குப் பிறகுதான் ஊர்க்காரர்கள் தெருக்களையே மண் கொட்டி உயர்த்தினார்கள். பழைய சாக்ரமெண்டோவில் இன்றைக்கும் நடைபாதைக்கு அடியில் பழைய கடைவாசல்களைப் பார்க்கலாம். அந்த வெள்ளம் வடிந்த உடனே இரண்டு வருஷம் கடும் வறட்சி, மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. ஆக இது புதிது இல்லை. காற்று சூடாகிக்கொண்டே போவதால் இரண்டு பக்கமும் இன்னும் அதிகமாக இழுக்கிறது, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று 7 சதவீதம் கூடுதல் நீராவி சுமக்கும்.

வைசேலியாவிலிருந்து

நான் துலேரி கவுண்டியில் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். விரிகுடாப் பக்கத்து நண்பர்களுக்கு இங்கே நடப்பது அவ்வளவாகத் தெரியாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வறட்சி முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அணையைப் பார்த்தால் முடிந்தது. மலையைப் பார்த்தால் சந்தேகமே இல்லை, இந்த 3-ஆம் தேதி அளந்ததில் பனி மாநில சராசரியில் 237 சதவீதம். கிணற்றைப் பார்த்தால் முடியவில்லை. என்னிடம் மருந்து வாங்க வருகிற ஒரு பாட்டி வீட்டுக் கிணறு 2021-ல் வற்றியது. முற்றத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வைத்து லாரித் தண்ணீர் நிரப்பிக்கொள்கிறார். இந்த மார்ச்சில் அவர் வீட்டுக்கு அரை மைல் தூரத்தில் வெள்ளம், வாசலில் மணல்மூட்டை, பின்னால் அதே தொட்டி. வெள்ளத்துக்கு நடுவில் லாரித் தண்ணீர் குடிக்கிறார்.

காரணம் இதுதான். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் பாதாமுக்கும் பிஸ்தாவுக்கும் பண்ணைகள் நிலத்தடியிலிருந்துதான் இறைக்கின்றன. வறட்சிக் காலத்தில் மாநிலம் செலவழிக்கிற தண்ணீரில் ஏறத்தாழ 60 சதவீதம் நிலத்தடி நீர். ஆயிரம் அடி ஆழ போர் போடுகிற பண்ணைக்குப் பக்கத்தில் நூறடிக் கிணறு வைத்திருக்கிற வீடு என்ன ஆகும்? இறைக்க இறைக்கத் தரையே கீழே இறங்கிவிட்டது. கார்கரன் ஊரில் சில இடங்கள் பதினைந்து வருஷத்துக்குள் பத்தடிக்கும் மேல் தாழ்ந்திருக்கின்றன. அந்த ஊரைக் காக்கிற கரையை 2017-ல் உயர்த்தினார்கள், ஊரோடு கரையும் சேர்ந்து இறங்கிவிட்டதால் இப்போது மறுபடி உயர்த்த வேண்டிய நிலை. அதே தாழ்வினால் ஃப்ரையன்ட்-கெர்ன் கால்வாய், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடுகிற கால்வாய் அது, நடுவில் தொய்ந்துபோய் ஓரிடத்தில் பாதிக்கு மேல் கொள்ளளவை இழந்துவிட்டது. அதாவது வெள்ளம் வரும்போது அதைப் பிரித்துக் கொண்டுபோக வேண்டிய வாய்க்காலை வறட்சியில் நாமே கெடுத்து வைத்திருக்கிறோம்.

இப்போது துலேரி ஏரி திரும்பி வந்துகொண்டிருக்கிறது. படங்களில் பார்த்திருப்பீர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மிசிசிப்பிக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. கிங்ஸ், கவியா, தூலி, கெர்ன் என்று நாலு ஆறுகள் வந்து சேர்ந்த இடம், கடலுக்கு வழி கிடையாது. யோக்கட்ஸ் பழங்குடி மக்கள் பாஆஷி என்று அழைத்த ஏரி. ஆறுகளைத் திருப்பி, கரை போட்டு, ஏரியைப் பருத்தி வயலாக்கினார்கள். 1983-லும் 1997-லும் எட்டிப் பார்த்தது, இதோ மறுபடியும். போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். தார்ச்சாலை நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்குகிறது, மஞ்சள் கோடு கொஞ்ச தூரம் தண்ணீருக்கடியிலும் தெரிகிறது, அதற்கப்பால் மின்கம்பங்களின் தலை மட்டும். காற்றுக்கு அலை வந்து சாலையில் அடிக்கிறது. டீசலும் சாணமும் கலந்த வாசனை. மலையில் அவ்வளவு பனி இருக்கிறது, வெயில் ஏறினால் எல்லாம் இங்கேதான் வரும்.

அந்தத் தண்ணீர் நிலத்தடிக்குப் போய்க் கிணறு ஊறும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த ஏரிப்படுகையில் அது நடக்காது, அடியில் தடித்த களிமண், தண்ணீர் நின்று ஆவியாகத்தான் போகும். இறங்க வேண்டுமானால் மலையடிவாரத்தில், ஆறு மணலோடு விரிகிற இடத்தில் தேக்க வேண்டும். மார்ச்சில் அதற்கு அனுமதியைச் சுலபமாக்கி கவர்னர் உத்தரவு போட்டார், சில விவசாயிகள் தங்கள் திராட்சைத் தோட்டத்தில் தண்ணீரை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வாய்க்கால், மதகு, இடம் எல்லாம் வறட்சி வருஷத்திலேயே தயாராக இருந்திருந்தால் எவ்வளவோ பிடித்திருக்கலாம்.

வாட்சன்வில் பக்கம்

வைசேலியா அண்ணா எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மார்ச் 10 நள்ளிரவு தாண்டும்போது பஹாரோ ஆற்றின் கரை உடைப்பெடுத்தது. 1949-ல் கட்டிய கரை. அக்கரையில் பஹாரோ என்கிற சின்ன ஊர், ஸ்ட்ராபெர்ரி வயலில் வேலை செய்கிறவர்கள். 1995-லும் இதே ஊர் மூழ்கியது. கரை தாங்காது என்று பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஆனால் செலவு எவ்வளவு, காப்பாற்றப்படும் சொத்து எவ்வளவு என்று கணக்குப் போடுகிறபோது ஏழைகளின் வீட்டு விலை குறைவாக இருப்பதால் வேலை தள்ளித் தள்ளிப் போனது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

வாட்சன்வில் சந்தை மைதானத்தில் முகாம். எங்கள் நட்பு வட்டத்தில் இரண்டு வாரம் சமைத்துக் கொண்டுபோனோம். புளிசாதம் வேண்டாம் என்று தக்காளி சாதமும் பீன்ஸும். ஒரு அம்மா சாப்பாட்டைவிட உலர்ந்த காலுறை இருக்கிறதா என்று கேட்டார், மூன்று நாளாக ஈரக் காலோடு இருந்திருக்கிறார். வீடும் போய், வயல் மூழ்கியதால் சீசன் வேலையும் போய், குடியேற்ற ஆவணம் இல்லாததால் மத்திய அரசின் உதவிப் பணமும் வேலையில்லாக் கால உதவியும் கிடைக்காத குடும்பங்கள் அங்கே நிறைய. யாராவது உதவ நினைத்தால் சுத்தமான காலுறை, குழந்தைகளுக்கான டயப்பர், பாத்திரம் துலக்கும் சாமான், பெரிய குப்பைப் பைகள், இவைதான் இப்போது தேவை. பழைய துணி வேண்டாம், குவிந்து கிடக்கிறது.

நைல்ஸ் அக்கா

காப்பீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தம்பி, எடுத்துவிடு. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது, அதற்குத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கிற பொருளுக்கு 1,00,000 டாலர் வரை. பொருளுக்கு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்துக்கு மட்டும்தான். எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், அதனால் புயல் செய்தி பார்த்துவிட்டு எடுத்துப் பயனில்லை. அரசின் வெள்ள வரைபடத்தில் ஆபத்துப் பகுதி இல்லை என்று போட்டிருந்தால் வீட்டுக் கடன் கொடுத்தவர் கட்டாயப்படுத்த மாட்டார், அதை வைத்து ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதே. 2017 பிப்ரவரி 21-ல் உங்கள் கயோட்டி ஓடை பொங்கி 14,000 பேர் வெளியேறினார்கள். மேலே இருக்கிற ஆண்டர்சன் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்ததுதான் காரணம். நிலநடுக்கம் தாங்காது என்று 2020-லிருந்து அதைக் காலியாக வைத்திருக்கிறார்கள். கட்டி முடித்துத் திரும்ப நிரப்புகிற நாள் வரும், நீ அதே வீட்டில்தான் இருப்பாய்.

அப்புறம் எல்லாம் விரிகுடாவுக்குப் போய்விட்டதா என்று கேட்டாயே. ஒருநாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஃப்ரீமாண்ட் குவாரி லேக்ஸுக்கு வா. அலமேடா ஓடையின் குறுக்கே ரப்பர் அணை போட்டிருப்பார்கள், காற்றடைத்தால் பெரிய கறுப்புத் தலையணைமாதிரி எழும்பும், வெள்ளம் வந்தால் காற்றை இறக்கிவிடுவார்கள். அங்கே தேங்குகிற தண்ணீரைப் பழைய ஜல்லிக் குழிகளுக்குத் திருப்புகிறார்கள், அது சரளையில் இறங்கி எங்கள் குடிநீர்க் கிணறுகளுக்கு வருகிறது. நான் தினம் நடக்கிற பாதை. 2021-ல் கரையோரம் வெள்ளையாக வறண்டு தெரிந்த கல்லெல்லாம் இப்போது தண்ணீருக்குள்.

கயோட்டி ஓடைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாட்டியின் தொட்டியைப் பற்றி மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் ஊர் ராமநாதபுரம் பக்கம், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

காப்பீடு இன்று காலை எடுத்துவிட்டேன் அக்கா, பொருளுக்கும் சேர்த்து. மே மாதம்தான் அமலுக்கு வருகிறது. நகராட்சிக்குப் போன் செய்து அந்த வடிகால் வாயைச் சுத்தம் செய்யச் சொன்னேன், அதுவரை காத்திருக்காமல் பக்கத்து வீட்டு வியட்நாமியத் தாத்தாவும் நானும் மண்வாரியோடு இறங்கினோம். மூன்று குப்பைப் பை இலை, ஒரு டென்னிஸ் பந்து, அடியில் கையளவு வண்டல். மீந்திருக்கிற ஆறு அவதாரங்களையும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மேல்தட்டில் வைத்தாயிற்று.

வாட்சன்வில் நண்பரே, சனிக்கிழமை காலையில் காலுறைகளும் குப்பைப் பைகளும் எடுத்துக்கொண்டு வருகிறோம். எந்த வாசலில் கொடுக்க வேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.